அக்கா சொன்ன ‘தான்’

அவர் எவரையும் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. குதிரையையும்கூட.

“கொஞ்சம் நவுருங்க அம்மணி, கூட்டிப்போடறனுங்க” என்பார். அரை டன் எடையுள்ள அந்தச் செம்பழுப்புப் பெட்டைக் குதிரை கால் மாற்றி வைத்துச் சுவரோரம் ஒதுங்கி நிற்கும். கூட்டி முடித்ததும், “சரீங்க, வாங்க” என்பார். குதிரை பழைய இடத்துக்கு வந்துவிடும். கயிறோ கைத்தடியோ இவ்வுரையாடலில் இடம்பெற்றதே இல்லை.

வீட்டில் அனைவரும் அவரை அக்கா என்றே வழங்கினர். என்னினும் ஏறத்தாழ இருபது ஆண்டு இளையவர். ஆயினும் நானும் அவ்வாறே குறிப்பிடப் பழகிவிட்டேன். அவருக்குப் பெயர் உண்டு. தம் பெயரை எழுத்தில் கண்டால் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்வார் என்பதனால் அதனை இங்கே தவிர்க்கிறேன். சேலைக்கு மேல் ஆண்களின் நீலச் சட்டை ஒன்றை அணிந்திருப்பார். தலையில் பூ இராது. வேலைக்கு வந்த முதல் மாதத்தில், குனிந்து வாளியை எடுத்தபோது கொண்டையிலிருந்த கனகாம்பரத்தைக் குதிரை முழுவதுமாக உண்டுவிட்டது. “பசிக்குதுன்னா சொல்லியிருக்கலாமுங்களே” என்று மட்டும் அதனிடம் கேட்டார். அன்றுமுதல் பூவை வாழையிலையில் பொதிந்து குழாயடியில் வைத்துவிட்டு, மாலையில் வீடு திரும்பும்போது சூடிக்கொண்டார்.

கல்லூரியில் தமிழ் இலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்ற நான், துடியலூருக்கு வடக்கே என் மகள் வீட்டில் வாழ்ந்துவருகிறேன். மருமகனுக்கு வார்ப்படத் தொழில். வீட்டை ஒட்டிய தென்னந்தோப்பின் மூலையில் அவர் ஒரு குதிரைக் கொட்டில் எழுப்பினார். பேத்தியே அதற்குக் காரணம். பத்து வயதில் குதிரையேற்றம் கற்கச் சேர்ந்தவள், பின்னர் இறங்கவே இல்லை. கொட்டிலில் இரண்டு குதிரைகள். ஒன்று, போட்டிக்குரிய அந்தச் செம்பழுப்புக் குதிரை நொய்யல். மற்றொன்று, நொய்யலுக்குத் துணையாக நிற்பதைத் தவிர வேறு கடமையற்ற கிழக்குதிரை. அதனோடு எனக்கு இயல்பாகவே நட்பு ஏற்பட்டது.

பேத்தி பங்குகொண்ட போட்டி மூன்று நாள் நடப்பது. முதல் நாள், நீள்சதுரக் களத்தில் குதிரை அளந்து அடிவைத்து வட்டமும் வளைவுமாக நடந்து காட்ட வேண்டும். இரண்டாம் நாள், திறந்த வெளியில் மரத்தடி, பள்ளம், நீர்க்குட்டை என எதிர்ப்பட்டவற்றைத் தாண்டி விரைய வேண்டும். மூன்றாம் நாள், களத்தில் அமைத்த கம்புகளைத் தட்டாமல் தாண்ட வேண்டும். மூன்று நாளும் அதே குதிரை, அதே ஆள். இம்மூன்றுக்கும் ஒழுங்குநடை, வெளியோட்டம், தடைதாண்டல் எனப் பெயர் சூட்டிக் கொட்டிலின் கரும்பலகையில் எழுதியும் வைத்தேன். ஒருவரும் வழங்கவில்லை. அக்கா அவற்றைக் கோலம், காடு, கம்பு என்றார். ஒரு வாரத்தில் வீடு முழுவதும் அதுவே வழக்காயிற்று.

“அப்புச்சி, உங்க பேரச் சொல்றதுக்குள்ள குதிரை தாண்டிப் போயிருமுங்க” என்றாள் பேத்தி. நானே கரும்பலகையை அழித்தேன்.

கொட்டிலுக்கு வருமுன் அக்கா சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையில் நெடுங்காலம் பணியாற்றியவர். சுற்றி முடித்த நூற்கண்டுகள் வரிசையாக வரும்போது விரல்களின் புறப்பகுதியால் ஒவ்வொன்றையும் தடவிப் பழுதுள்ளதை ஒதுக்குவது அவர் வேலை. கண்ணுக்குப் புலப்படாத முடிச்சும் அந்தக் கைக்குத் தப்பாது. ஆலை மூடப்பட்ட பின், கூட்டிப் பெருக்குவதற்கென்றே எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டாம் வாரத்தில் நொய்யல் காலைத் தரையில் ஊன்றாமல் நின்றது. மருத்துவர் வந்து நெடுநேரம் தேடியும் காரணம் தென்படவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சார்த்திவிட்டு அருகே வந்த அக்கா, தம் புறங்கையை முழங்காலிலிருந்து கீழே ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இங்க கொஞ்சம் பாருங்களேனுங்க.”

அவ்விடத்தில் தோலுக்கடியில் ஒரு வேலமுள் இருந்தது. அன்றே வீட்டுத் துடைப்பம் வேறொருவர் கைக்கு மாறியது. கொட்டிலும் குதிரைகளின் கால்களும் அக்காவின் பொறுப்பாயின.

காலை ஐந்தரை மணிக்கும் மாலை விளக்கேற்றும் பொழுதும் அவர் நொய்யலின் அருகே குத்துக்காலிட்டு அமர்வார். முதலில் இடது முன்னங்கால். சூடு உண்டா, வீக்கம் உண்டா, நரம்பு தடித்திருக்கிறதா என்பதைக் கண்மூடிக் கேட்பவர்போல் தடவிப் பார்ப்பார். நான்கு கால்களும் முடிந்தபின் எழுந்து, “நல்லாருக்குதுங்க” என்பார். அதன்பின்னரே அன்றைய பயிற்சி தொடங்கும்.

இனி அவருடைய தனித்தன்மைக்கு வருகிறேன். ‘நன்றாயில்லை’, ‘கூடாது’, ‘சரியில்லை’ என்னும் சொற்கள் அவர் நாவில் எழுவதில்லை. பிறர் மனம் நோகும் என்ற அச்சம் மட்டும் அதற்குக் காரணமன்று. குறையைக் குறையென்று சொல்வது, சொல்பவரின் வாயையே கறைப்படுத்தும் என அவர் கருதியதாக எனக்குத் தோன்றியது. ஆயினும் குறையை அவர் மறைத்ததும் இல்லை. அதற்கென ஒரே ஒரு சொல்லை வைத்திருந்தார்.

குதிரைக்கு லாடம் அடிக்க மாதம் ஒருமுறை வருபவர், தம் தொழிலில் செருக்குடையவர். ஒருநாள் நான்கு கால்களுக்கும் அடித்து முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “எப்படீங்கக்கா?” என்றார். அக்கா ஒவ்வொரு குளம்பாகத் தூக்கிப் பார்த்தார்.

“நல்லாத்தானுங்க அடிச்சிருக்கீங்க.”

லாடக்காரர் கையிலிருந்த துண்டைத் தோளில் போட்டார். “சரி, அக்கா ‘தான்’ போட்டாச்சு. எந்தக் காலுங்க?”

“அட, நாஞ் சும்மா சொன்னனுங்க.”

“சும்மா சொல்ற ஆளா நீங்க? எந்தக் காலுன்னு சொல்லுங்க, ஆணியப் புடுங்கறேன். வெயில் ஏறங்காட்டி நான் வேற ஊருக்குப் போகோணும்.”

“வலது பின்னங்காலு கொஞ்சம்… நல்லாத்தானுங்க இருக்குது.”

அவர் ஆணியைப் பிடுங்கினார். லாடம் நூலளவு விலகியிருந்தது.

என் மகளும் இதற்குத் தப்பவில்லை. சிறுதானியத்தில் புதிதாக ஒரு பலகாரம் செய்து அக்காவுக்கு ஒரு தட்டில் கொண்டுவந்து தந்தாள். அக்கா உண்டு, “நல்லாத்தானுங்க இருக்குது அம்மணி” என்றார். மகள் திரும்பிச் சமையலறைக்குள் சென்றாள். “அக்கா தான் போட்டுட்டாங்க, யாரும் வாயில வெக்காதீங்க!” என்று உள்ளிருந்து அவள் குரல் வந்தது. உப்பிடவே மறந்திருந்தாள்.

‘தான்’ என்பது தேற்றப் பொருளில், அதாவது உறுதி காட்ட, வரும் இடைச்சொல் என நான் ஆண்டுதோறும் வகுப்பில் கற்பித்தேன். ‘அவன்தான் வந்தான்’ என்றால் வந்தவன் யாரென்ற ஐயம் நீங்குகிறது. அக்காவின் வாயிலோ அதே சொல் ஐயத்தை எழுப்பியது. ‘நல்லாருக்குதுங்க’ என்றால் நன்று. ‘நல்லாத்தானுங்க இருக்குது’ என்றால், எழுந்து வந்து பாருங்கள் என்று பொருள். இதனை வியந்து குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் இட்டேன். அறியாமல் பிழை செய்தேன் என்று நான் சொல்ல இடமில்லாமற் போனதற்கு அந்த அடிக்கோடே சான்று.

அவ்வாண்டுப் போட்டிப் பருவத்தின் இறுதிப் போட்டி வெள்ளகோவிலுக்கு அருகே, கிளுவை வேலியிட்ட மேய்ச்சல் காடுகளில் நடந்தது. முதலிரு போட்டிகளிலும் பேத்தியும் நொய்யலும் நன்கு செய்திருந்தனர். இதிலும் முதல் மூவருள் வந்தால் மாநில அணியில் இடம் கிடைக்கும். அவ்வயதுப் பிரிவில் அவளுக்கு அதுவே இறுதி ஆண்டு. கிழக்குதிரையைத் தனியே விட இயலாதென மகள் வீட்டில் தங்கிவிட்டாள். நாங்கள் நால்வரும் நொய்யலும் சென்றோம். முதல் நாள் கோலம் அழகாக அமைந்தது. பேத்தி இரண்டாம் இடத்தில் இருந்தாள்.

மறுநாள் காலை. காட்டு நாள். ஓடுபாதையைப் போட்டியாளர் முதலில் தம் காலால் நடந்து பார்ப்பது முறை. பேத்தியும் மருமகனும் அதற்காகச் சென்றிருந்தனர். தற்காலிகக் கொட்டிலில் நானும் அக்காவும் இருந்தோம். அன்று மருத்துவச் சோதனை கிடையாது. அது மூன்றாம் நாள் காலையில்தான். ஆகவே அன்று காலை நொய்யலின் கால்களை அறிந்தது ஒரே ஒரு கை.

என் அலைபேசி ஒலித்தது. மருமகன். காற்றின் இரைச்சலுக்கிடையே அவர் குரல் விட்டுவிட்டு வந்தது.

“மாமா, அக்கா காலு பாத்துட்டாங்களா? நேத்து கோலத்துல தரை ரொம்பக் கெட்டியா இருந்துச்சு. என்ன சொல்றாங்கன்னு கேளுங்க.”

திரும்பிப் பார்த்தேன். அக்கா இடது முன்னங்காலருகே அமர்ந்திருந்தார். வழக்கத்தினும் நெடுநேரம் கை அங்கேயே இருந்தது.

“ஏனம்மா, கால் எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை கேட்கிறார்.”

“நல்லாத்தானுங்க இருக்குது அய்யா.”

நான் அலைபேசியில், “நன்றாக இருக்கிறதாம்” என்றேன்.

பிறர் பேச்சை எடுத்துச் சொல்லும்போது அதனைச் செம்மைப்படுத்திச் சொல்வது என் நெடுநாள் வழக்கம். ‘நல்லா’ என்பது ‘நன்றாக’ ஆயிற்று. ‘இருக்குது’ என்பது ‘இருக்கிறது’ ஆயிற்று. எஞ்சியவை பேச்சின் உமி என்று கழிந்துபோயின. உமியோடு அரிசியையும் புடைத்துத் தள்ளிவிட்டேன் என்பதை அப்போது நான் உணரவில்லை.

அக்கா என்னையே நோக்கியிருந்தார். “அப்படியே சொல்லிப்போட்டீங்களாங்க?”

“சொல்லிவிட்டேன்.”

“சரீங்க.”

அவர் ஒரு துணியைக் குளிர்நீரில் நனைத்து அந்தக் காலைச் சுற்றிக் கட்டினார். பின்னர் வாயிலையே பார்த்தவாறு நின்றார். யாரேனும் விரைந்து வந்து காலைத் தொட்டுப் பார்ப்பார்கள் என அவர் காத்திருந்தார் என்பதை இன்று அறிவேன். சேணம் பூட்டும் நேரத்தில்தான் அவ்விருவரும் திரும்பினர். மருமகன் சேணத்தைப் பூட்டினார். தாம் சொன்னது அவர்களை எட்டியது, எட்டியும் ஓடத் துணிந்துவிட்டனர் என அக்கா கருதியிருக்க வேண்டும். துணியை அவிழ்த்துவிட்டுப் பேத்தியின் கையைப் பற்றினார்.

“கண்ணு, இன்னைக்குப் போயே ஆகோணுங்களா?”

“பயப்படாதீங்கக்கா. உங்க அம்மணியப் பத்திரமாக் கூட்டியாந்துருவேன்” என்று சிரித்தபடி பேத்தி ஏறிச் சென்றாள்.

நான் ஒரு வெள்வேல மரத்தடியில் நாற்காலியில் அமர்ந்து ஒலிபெருக்கியைச் செவிமடுத்திருந்தேன். ஆறாம் தடை கடந்தாயிற்று. ஏழு. எட்டு. அப்போது அக்கா ஒரு கையில் நீர்வாளியும் மறுகையில் கட்டுத்துணியுமாக என்னைக் கடந்து காட்டை நோக்கி நடந்தார்.

“எங்கே அம்மா?”

“வாரேனுங்க” என்றார், நிற்கவில்லை.

அவர் வேலியின் கடவைத் தாண்டிய பின்னரே, பதினோராம் தடைக்கு அப்பால் குதிரை நிறுத்தப்பட்டதாக ஒலிபெருக்கி அறிவித்தது. பள்ளத்தைத் தாண்டி இறங்கியதும் மூன்றாம் அடியில் ஒரு தயக்கத்தைப் பேத்தி உணர்ந்திருக்கிறாள். நான்காம் அடிக்கு அவள் காத்திருக்கவில்லை. கையை உயர்த்திவிட்டு இறங்கினாள். பின்னர் மூவரும் மெல்ல நடந்து வந்தனர்: தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு பேத்தி, அடிக்கொரு முறை தலையைத் தாழ்த்தி நொய்யல், அதன் கழுத்தில் கைவைத்து அக்கா. “மெதுவாங்க அம்மணி. அவசரமே இல்லீங்க. மெதுவா வாங்க.”

தசைநாணில் நைவு என்றார் மருத்துவர். அறுந்துபோகவில்லை. இன்னும் இரண்டு தடை ஓடியிருந்தால் அறுந்திருக்கும். ஆறு மாத ஓய்வு வேண்டும். பேத்தி அழவில்லை. குதிரையின் அருகே வைக்கோலில் அமர்ந்து அதன் காலிலிருந்த கட்டை நீவிக்கொண்டே இருந்தாள்.

மாலையில் மருமகன் வந்தார். குரலை உயர்த்துபவர் அல்லர், அன்றும் உயர்த்தவில்லை.

“ஏனுங்கக்கா, காலைல கை வெச்சுப் பாத்தீங்கல்லங்க? சூடு தெரியலீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பனுங்களே.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் பேசியிருப்பேன் என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அவர் வாளியின் விளிம்பைத் துடைத்தபடி, “என்ற தப்புத்தானுங்க” என்றார்.

அதிலும் ஒரு ‘தான்’ இருந்தது. மருமகன் அதனைத் தேற்றமாகக் கொண்டார். இரண்டு முழத் தொலைவில் அமர்ந்திருந்த எனக்குமட்டும் அதன் மற்றப் பொருள் செவியில் விழுந்தது. காலையில் நான் தவறவிட்ட சொல்லும் அந்நொடியில்தான் என்னை வந்தடைந்தது. நான் வாய் திறக்கவில்லை.

வீடு திரும்பிய மூன்றாம் நாள் மருமகன் ஒரு கருவி வாங்கி வந்தார். குதிரையின் காலுக்கு நேரே பிடித்தால் வெப்பத்தை எண்ணில் காட்டுவது. அக்கா வழக்கம்போல் தடவிப் பார்த்து, “நல்லாருக்குதுங்க” என்பார். மருமகன் தலையசைப்பார், பின்னர்க் கருவியைப் பிடித்து எண்ணைப் பார்ப்பார். சில நாளில் அக்கா தாமே அக்கருவியை எடுத்து அவரிடம் நீட்டத் தொடங்கினார்.

“மெசினு கரெக்டாச் சொல்லிப்போடுமுங்க.”

பின்னர் ஒருநாள் அவர் தடவிப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். குளிர்நீரைக் குழாயால் காலில் பீய்ச்சுவார், கட்டுக் கட்டுவார், புறங்கை மட்டும் காலைத் தொடவில்லை. நொய்யல் அப்போதும் இடது முன்னங்காலைச் சற்று முன்னே நீட்டி வைத்துக் காத்திருக்கும். 

அதனைக் கண்ட அன்று இரவு உணவின்போது சொல்லிவிட்டேன். அக்கா ‘நல்லாத்தானுங்க’ என்றார். நான் ‘நன்றாக’ என்றேன்.

மருமகன் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார். “ஏனுங்க மாமா, ‘தான்’ போட்டாங்களா?”

“போட்டார்.”

“அதச் சொல்லலீங்களா?”

“சொல்லவில்லை.”

மகள் என்னை நோக்கினாள். “ஊட்ல எல்லாத்துக்கும் அது தெரியுமேப்பா. நீங்கதான அத நோட்டுல எல்லாம் எழுதி வெச்சீங்க?”

பேத்தி தயிர்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு, “நீங்க இலக்கணம் பாக்காம இருந்திருந்தா நான் ஏறியே இருக்கமாட்டேன் அப்புச்சி” என்றாள். கரண்டியைக் கையில் எடுத்து, “அக்கா கேட்டாங்க. போயே ஆகோணுமான்னு கேட்டாங்க. எனக்கும் புரியல” என்று சொல்லி என் தட்டில் தயிரை ஊற்றினாள்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு மருமகன் வெறுங்கையோடு கொட்டிலுக்கு வந்தார். கருவியைப் பெட்டியில் இட்டுப் பரணில் வைத்துவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். “அக்கா, காலு எப்படீங்க இருக்குது?” என்றார்.

அக்கா அவரையும், அவருக்குப் பின்னால் நின்ற என்னையும் மாறிமாறிப் பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு அமர்ந்தார். இடது முன்னங்கால் முன்னரே நீண்டிருந்தது. புறங்கை முழங்காலிலிருந்து இறங்கியது, நின்றது, மறுபடியும் இறங்கியது.

“நல்லாருக்குதுங்க.”

மருமகன் வேறொன்றும் கேட்கவில்லை. கயிற்றை எடுத்து நொய்யலை வெளியே நடத்திச் சென்றார்.

நாங்கள் இருவரும் தனித்திருந்தோம். கிழக்குதிரை எங்களைப் பார்த்தவாறு வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. நான் கூற வேண்டியதை முன்னரே மனத்தில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன், அவ்வொழுங்கைக் கைவிட்டேன்.

“அன்னிக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன்மா. உங்க பேர்ல பழி வந்தப்பவும் வாயை மூடிட்டு இருந்துட்டேன்” என்றேன். திருத்தமில்லாமல் நான் பேசி அவர் கேட்டது அதுவே முதன்முறை.

அக்கா பதறிப்போய் எழுந்தார். “அய்யோ, என்னங்கய்யா இது, பெரியவங்க நீங்க. அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.” பின்னர் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, குழாயடிக்குப் போகும் வழியில் ஒருகணம் நின்று, மிகுந்த கனிவோடு சொன்னார்:

“நீங்க சரியாத்தானுங்க சொன்னீங்க.”

இம்முறை ஓரெழுத்தும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.